மகள் மயக்கவியல் எடுக்கலாமா?

மருத்துவப் பட்டம் முடித்த மகள் மயக்கவியல் எடுக்கப் போவதாகச் சொல்கிறார். "தூங்க வைக்கிற வேலைதானே" என்று நீங்கள் தயங்குகிறீர்கள். தோள்பட்டை அறுவை சிகிச்சை ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

தோளின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்தின் சி5, சி6 என்ற நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன. கழுத்தில் இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே அவற்றை மரக்க வைப்பதுதான் இன்டர்ஸ்கேலீன் பிளாக். வலி நன்றாக அடங்கும். ஆனால் பக்கத்திலேயே, மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு ஓடுகிறது. 20 மில்லி மருந்து போட்டால், அது தணியும் வரை அந்தப் பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்கும் அசையாமல் நின்றுவிடும். நல்ல நுரையீரல் தாங்கும். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு மூச்சுத் திணறலாம். 5 மில்லியாகக் குறைத்தால் ஆபத்து குறையும், நீங்காது. அதனால்தான் சற்றுக் கீழே, அந்த வேர்கள் ஒன்றுசேரும் இடத்தில் சுப்பீரியர் டிரங்க் பிளாக், இன்னும் விலகி சுப்ராஸ்கேப்புலர், ஆக்சிலரி நரம்புகளுக்கு மட்டும் மருந்து என்று புதிய வழிகள் வந்தன. இந்த நோயாளிக்கு இவற்றில் எது என்று முடிவெடுப்பவர் மயக்க மருத்துவர்தான்.

ஒரு கையில் அல்ட்ராசவுண்ட் புரோப், மறு கையில் ஊசி, கண் திரையில். புதியவர்கள் ஊசியின் நடுத்தண்டைப் பார்த்துவிட்டு அதுதான் முனை என்று நம்பித் தள்ளுவார்கள். நரம்பும் நுரையீரல் உறையும் காயப்படுவது அப்படித்தான். சில மில்லிக்கு ஒருமுறை பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து ரத்தக்குழாயில் ஏறினால் வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். அதற்கான மாற்று மருந்தான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஊசியையே எடுக்கக் கூடாது.

முதுநிலைப் படிப்புக்குப் பிறகு இப்படி நரம்புகளை மரக்க வைப்பதற்கென்றே ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி உண்டு, பெரும்பாலும் ஓராண்டு. சேருமுன் கேட்க வேண்டியது கட்டடத்தைப் பற்றியல்ல: மாதத்துக்கு எத்தனை பிளாக்குகள் பயிற்சி மருத்துவர் கையாலேயே நடக்கின்றன, பக்கத்தில் மூத்தவர் நிற்கிறாரா? "பார்த்துக் கற்கலாம்" என்று மழுப்பினால் வேறு இடம் தேடுங்கள்.

அதுவரை மகள், தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸைப் பார்க்காமல் வரையப் பழகட்டும். ஊசி இல்லாமல், சக மாணவரின் கழுத்தில் புரோப் வைத்து, போக்குவரத்து விளக்குபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நிற்கும் கருவட்டங்களைத் தேடட்டும்; அந்த நரம்பு வேர்கள்தான் அப்படித் தெரியும். அவை தென்பட்டால், நரம்பு நம்பிக்கையோடு அடையாளம் தெரியும் வரை புரோப்பை மேலும் கீழும் நகர்த்திப் பின்தொடரட்டும்.