கொழுப்பு மாத்திரையும் கால்வலியும்: நிறுத்துவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் இரவு அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. எடுத்து வருகிறேன். மூன்று மாதமாக இரண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி. கொழுப்பு மாத்திரை தசையை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இதையெல்லாம் நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதித்துத்தான் தருகிறார்களா? நிறுத்திவிடலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். உங்கள் வலிக்கு மாத்திரைதான் காரணமா என்பதை உங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் சோதனை பற்றிய கேள்வி. நீங்கள் சாப்பிடும் அடோர்வாஸ்டாட்டின் உள்ளிட்ட, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் அளவுக்கு நோயாளிகளிடம் ஆராயப்பட்ட மருந்துகள் குறைவு. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சிம்வாஸ்டாட்டினும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து சுமார் ஐந்தரை வருடம் கவனித்தார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேர் இறந்தார்கள். மருந்துப் பிரிவில் 182 பேர். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த மாத்திரையை விடாமல் எழுதுவதற்கு இதுபோன்ற ஆய்வுகளே அடிப்படை.

வாட்ஸ்அப் செய்தியிலும் ஒரு துளி உண்மை உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின் தசையைச் சிதைத்து, சிறுநீரகத்தைப் பாதித்து, உயிரிழப்பு வரை கொண்டுபோனதால் 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகமாக இருந்தது. விற்பனைக்கு முன்பே இது ஏன் தெளிவாகவில்லை? 10,000 பேரில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, சுமார் 30,000 பேருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். சில ஆயிரம் பேர் கொண்ட ஆய்வுகளில் அது சிக்காமல் போகலாம். அதனால்தான் மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டியிருக்கிறது. இன்று நீங்கள் சாப்பிடும் வகைகளில் தசை சிதைவு மிக அரிது.

சாதாரணத் தசைவலி வேறு விஷயம். 2022இல் லான்செட் மருத்துவ இதழில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,23,940 பேர். தசைவலி அல்லது பலவீனம் என்று சொன்னவர்கள் ஸ்டேட்டின் பிரிவில் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 26.6 சதவீதம். மருந்தால் வந்த அந்தச் சிறு கூடுதலும் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் தெரிந்தது. ஆனால் இவ்வகை ஆய்வுகள் சிலவற்றில், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆரம்பத்திலேயே விலகிவிட்டிருக்கலாம் என்ற ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம்தான்.

அதற்குப் பதில் தேடி, வலி போன்ற பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினைக் கைவிட்ட 60 பேரையே லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அழைத்தார்கள். ஆளுக்கு 12 மாதத்துக்கு 12 குப்பி: நான்கில் அடோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எது என்பது குலுக்கல் முறையில். அன்றாடத் தொந்தரவை 0 முதல் 100 வரை கைபேசியில் பதிவு செய்தார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! தொந்தரவு கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. அது உண்மையாகவே கூடியது. ஆனால் அதில் பெரும்பங்கு, மருந்தை விழுங்குகிறோம் என்ற அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் வந்தது. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு, ஆறு மாதத்துக்குள் பாதிப் பேர் மீண்டும் ஸ்டேட்டின் தொடங்கினார்கள்.

இனி உங்கள் விஷயம். ஸ்டேட்டின் வலி பொதுவாக மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். உங்களுக்கோ ஒன்றே கால் வருடம் ஒன்றுமில்லாமல் இருந்து பிறகு வந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் புதிதாக என்ன மருந்து சேர்ந்தது என்று பாருங்கள். கிருமித் தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசம் ஆகியவை அடோர்வாஸ்டாட்டின் உடம்பில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி: குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விடுகிறதா? அப்படியானால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். சர்க்கரையும் இதய அடைப்பும் உள்ளவரிடம் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே ஸ்டேட்டினை நிறுத்துவது நேர் எதிரான வைத்தியம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் நரம்புப் பாதிப்பு. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பதால் வைட்டமின் பி12 குறைந்திருக்கவும் கூடும்.

ரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி), தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் டி, பி12, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பாருங்கள். சிகே பார்ப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கடும் உழைப்பும் தசையில் ஊசியும் வேண்டாம். அவை சிகே அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். சிகே இயல்பின் மேல் எல்லையைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்தியாக வேண்டும். சிறுநீர் தேநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, தரையிலிருந்து எழ முடியாத பலவீனம் வந்தாலோ சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிகே 4 மடங்குக்குள் இருந்தால், உங்கள் இதய மருத்துவரின் சம்மதத்தோடு சோதனையைத் தொடங்கலாம். ஒரு நோட்டில் தினமும் ஒரே நேரத்தில் வலியை 0 முதல் 10 வரை குறித்து வாருங்கள். முதலில் ஒரு வாரம் மாத்திரையோடு, பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் மாத்திரை இல்லாமல், பிறகு மீண்டும் மாத்திரையோடு. நிறுத்தியும் வலி அப்படியே இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. நிறுத்தியதும் குறைந்து, தொடங்கியதும் திரும்பினால் மாத்திரை மேல் சந்தேகம் வலுக்கும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டேட்டின் மூன்றும் ஒரே காப்ஸ்யூலாகவும் நம்மூரில் விற்கிறது. கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதாக நினைத்து, ஸ்டென்ட்டைக் காக்கும் ரத்தம் உறையாமைக்கான மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வர அதுவே போதும். அட்டையின் பின்பக்கம் உள்ள பெயர்களை மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தாலும் வழிகள் உண்டு. ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். அது உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் அப்படிக் கொடுத்தாலும் வேலை செய்யும். அதோடு எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் கெட்ட கொழுப்பு மேலும் சுமார் 20 சதவீதம் இறங்கும். ஆறு வாரம் கழித்து எல்டிஎல் என்னும் அந்தக் கெட்ட கொழுப்பைப் பாருங்கள். உங்களுக்கு அது 55 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருப்பது நல்லது. ஸ்டேட்டினே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் 180 மி.கி. இருக்கிறது. தசையில் அது செயலுக்கு வருவதில்லை. 2023இல் வெளியான, சுமார் 14,000 பேர் பங்கேற்ற ஆய்வில் மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது. யூரிக் அமிலம் கூடும் என்பதால் கௌட் என்னும் மூட்டு வீக்க நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மாத்திரையால்தான் என்று சந்தேகம் இருந்தாலே நீங்கள் புகாராகப் பதிவு செய்யலாம், நிரூபிக்கத் தேவையில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மாத்திரையின் பெயர், அளவு, அட்டையில் அச்சிட்ட பேட்ச் எண், தொடங்கிய தேதி, வலி வந்த தேதி, கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். அட்டையை வெட்டும்போது பேட்ச் எண் உள்ள ஓரம் போய்விடும். அந்தத் துண்டை எறியாமல் வைத்திருங்கள்.