டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54, ஊர் கல்லிடைக்குறிச்சி. தினமும் காலையில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு மைனி ஒரு கால்சியம் டப்பா தந்தாள். அவளே விற்கிறாள், விலை 2,400 ரூபாய். சென்னையில் இருக்கும் மகன் ஆன்லைனில் வேறொன்று வாங்கி அனுப்பியிருக்கிறான். மைனி தந்ததில் 1250 மி.கி. என்றும், மகன் அனுப்பியதில் 500 மி.கி. என்றும் போட்டிருக்கிறது. எதை நம்பிச் சாப்பிட?

பதில்: அம்மா, அந்த 1250-ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். மைனி டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருக்கும். கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் கால்சியம். கணக்குப் போட்டால் அதுவும் 500 மி.கி.தான். மகன் அனுப்பியதில் வெறும் 'கால்சியம் 500 மி.கி.' என்றிருந்தால் இரண்டும் ஒன்றே. அதில் 'கால்சியம் சிட்ரேட் 500 மி.கி.' என்றிருந்தால் கதை வேறு. அதில் கால்சியம் நூறு மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் உரிமம் இருக்கிறது என்று தெரியும். மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த எண் உரிமம் இருப்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருக்கும் மாத்திரையின் தரத்துக்கு அல்ல. மருந்து உரிமத்தில் இல்லாமல் உணவு உரிமத்தில் வரும் இப்படிப்பட்ட டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் அப்படி எழுதிவிட்டு, முன்னால் 'மூட்டு வலி பறந்துவிடும்' என்று சொன்னால் எதை நம்புவது? என்னைக் கேட்டால், மருந்து உரிமத்தில் தயாரான சாதாரண கால்சியம் அட்டையை மெடிக்கலில் பில் போட்டு வாங்குவேன்.

உரிம எண், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் எதுவும் இல்லாத பொடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். வெறும் பிளாஸ்டிக் பொட்டலத்தில் வந்த 'மூலிகைப் பொடி'யை மூன்று மாதம் தின்ற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "வலி சுத்தமா இல்ல டாக்டர்" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது, சர்க்கரை எகிறியிருந்தது. இப்படி வந்தால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வாரம் பிடித்தது.

சரி, உங்கள் முழங்காலுக்கு வருவோம். இந்த வயதில் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். கால்சியம் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் தேய்ந்த மூட்டின் வலியை அது ஆற்றாது. தொடைத் தசைக்கான பயிற்சியும், எடை கூடியிருந்தால் குறைப்பதும்தான் கேட்கும். வயது வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 350 மி.கி. கிடைத்துவிடும். மோர், முள்ளோடு மெல்லும் நெத்திலி எல்லாம் சேர்த்தால் பாதிக் கணக்கு அடுப்படியிலேயே முடியும். மிச்சத்துக்கு மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். விற்கிறவரே குறையையும் கண்டுபிடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மைனி மனசு கோணக் கூடாது என்று மாத்திரை விழுங்குகிறவர்கள் நம்மூரில் நிறைய.

எதைச் சாப்பிட்டாலும் தைராய்டு மாத்திரையோடு சேர்க்காதீர்கள். கால்சியம் அதை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும். கார்பனேட் என்றால் மதியச் சாப்பாட்டோடு போடுவது தோது.

அடுத்த தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் இரண்டு டப்பாவையும் மஞ்சப்பையில் போட்டு உங்கள் மருத்துவரிடம் கொண்டு காட்டுங்கள். முடி வளர என்று சிலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமினும் சேர்த்திருப்பார்கள். அது உள்ளே இருந்தால் பரிசோதனை முடிவு தப்பாக வரலாம். ரத்தம் கொடுக்க எத்தனை நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.