கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலியா?

கேள்வி: நான் இந்து. கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனேன். திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதையைப் போதகர் சொன்னார். விடியற்காலை வந்து நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவனுக்கும், மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் ஒரே கூலியாம்! என் சைட்டில் இப்படிக் கொடுத்தால் மறுநாள் ஒருத்தனும் காலையில் வரமாட்டான். உழைப்புக்கேற்ற பலன் என்றுதானே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? இதில் நீதி எங்கே இருக்கிறது? நண்பரிடம் கேட்டால் மனம் புண்படுமோ என்று உங்களிடம் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் கேள்வியைக் கதைக்குள்ளேயே கேட்டுவிட்டார்கள். விடியற்காலை வந்தவர்கள் முணுமுணுத்தது இதைத்தான். கதையை வெளியில் நின்று குறை சொல்வதாக நினைக்கிறீர்கள். உண்மையில் கூலி வாங்கும் வரிசையில், முதலில் வந்தவர்களோடு போய் நின்றுகொண்டீர்கள். இயேசு சொன்ன இந்தக் கதையைத் தன் நற்செய்தி நூலில் எழுதிய மத்தேயு, உங்களை அங்கே நிறுத்தத்தான் அதை இப்படி அமைத்திருக்கிறார்.

கூலி கொடுத்த வரிசையைக் கவனித்தீர்களா? கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்கிக் கொடு என்கிறார் தோட்டத்தின் சொந்தக்காரர். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசியபடி ஒரு தெனாரியத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது அன்றைக்கு ஒரு நாள் கூலி. பேசியதில் ஒரு காசு குறையவில்லை. பின்னால் வந்தவன் கையில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் தங்கள் கைக்காசு அவர்களுக்குச் சிறுத்துப்போகிறது. அவர்களுடைய புகாரும் ‘எங்களுக்குக் குறைத்துவிட்டீர்’ என்பது கிடையாது. ‘இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீர்’ என்பதுதான். வலி அங்கே இருக்கிறது. நம் ஊரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது என்பதைவிட மற்றப் பிள்ளைகளைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று கணக்கிட்ட டி-ஸ்கோரை 2021இல்தான் கைவிட்டோம். ஆகவே இந்த வலி நமக்குப் புரியாததல்ல.

அடுத்து, ஐந்து மணி ஆள். நீங்கள் அவனைச் சோம்பேறி என்று நினைத்திருக்கலாம். கதை அப்படிச் சொல்லவில்லை. ஏன் பகலெல்லாம் இங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்: எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. சந்தைவெளியில் நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள். யார் யாரோ வந்து, வாட்டசாட்டமானவர்களைப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கூலி கொடுப்பது கணக்குக்குச் சரி. அன்று இரவு அவன் வீட்டில் அது எத்தனை வயிற்றுக்குப் போதும்? இதே மத்தேயு நற்செய்தியில்தான் அன்றன்றைய அப்பத்துக்கான ஜெபமும் வருகிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்பது யூதர்களின் சட்டநூல்களில் ஒன்றான உபாகமத்தின் 24ஆம் அதிகாரம். இயேசு அந்தச் சட்டத்தில் வளர்ந்த யூதர். முதலில் வந்தவர்கள் யூதர்கள், பின்னால் வந்தவர்கள் கிறிஸ்தவர்களாகிய நாம் என்று மார்தட்டும் பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். கதையைத் தலைகீழாகப் பிடிப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

யூத மரபிலேயே இதற்கு ஓர் உறவுக்காரக் கதை உண்டு. இயேசுவின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட எருசலேம் தல்மூது என்ற யூத மதநூலில் இருக்கிறது. 28 வயதில் இறந்துபோன ஓர் இளம் ரபிக்கான (ரபி என்றால் யூத மத ஆசான்) இரங்கல் உரையில் ரபி ஸெய்ரா சொன்னது. அரசன் ஆட்களை வேலைக்கு வைக்கிறான். ஒருவன் மட்டும் இரண்டு மணி நேரம்தான் வேலை செய்கிறான். முழுக் கூலி வாங்குகிறான். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அரசன் சொல்கிறான்: நீங்கள் நாள் முழுக்கச் செய்யாததை இவன் இரண்டே மணி நேரத்தில் செய்துவிட்டான். அற்ப ஆயுளில் போன மேதைக்கு மனம் உருக்கும் அஞ்சலி. உங்களுக்கும் பிடித்திருக்கும், ஏனென்றால் அங்கே தகுதி ஜெயிக்கிறது. மத்தேயு சொல்லும் கதையில் ஐந்து மணி ஆளின் திறமையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவன் என்ன கிழித்தான் என்று யாரும் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அப்படியானால் இது எதைப் பற்றிய கதை? கதைக்கு முன்னும் பின்னும் படித்தால் விளங்கும். செல்வந்தனான ஓர் இளைஞன் சொத்தை விட மனமில்லாமல் துக்கத்தோடு போய்விடுகிறான். உடனே இயேசுவின் சீடர் பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறார். இயேசு அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சிம்மாசனங்கள் உண்டு என்கிறார். கூடவே இந்தக் கதையையும் சொல்லிவிடுகிறார். சிறிது நேரத்தில் செபெதேயு என்பவரின் மனைவி, சீடர்களான தன் இரண்டு மகன்களோடு வந்து, உமது ராஜ்யத்தில் வலப்பக்கம் ஒருவன் இடப்பக்கம் ஒருவன் என்று இடம் கேட்கிறாள். (மாற்கு நற்செய்தியில் மகன்களே கேட்கிறார்கள். மத்தேயு அம்மாவைக் கேட்க வைத்திருக்கிறார். நல்ல பள்ளியில் இடம் தேடி அலையும் நம் தாய்மார்களுக்கு அந்த அம்மாள் அந்நியமாகத் தெரியமாட்டாள்.) முதலில் வந்தோம், நிறைய விட்டுக்கொடுத்தோம் என்று கடவுளிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டும் சீடர்கள்தான் இந்தக் கதையின் இலக்கு. பக்தி செய்தவர்கள் கடவுளைக் கடன்காரராக்கிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்கிறார் மத்தேயு.

இதெல்லாம் பரலோக விஷயம், சம்பளப் பட்டியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நழுவுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி ஒரு புத்தகம் படித்தார். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் எழுதியது. அதன் தலைப்பே இந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் ‘கடைசியில் வந்த இவனுக்கும்’ என்று சொல்லும் வார்த்தைகளிலிருந்து எடுத்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் ஒரே மதிப்பு என்று தெளிந்து, அதே ஆண்டு டர்பனுக்கு அருகில் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்து உழைக்கும் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். எந்த நிறத்தவரானாலும், எந்த நாட்டவரானாலும் அங்கே எல்லாருக்கும் மாதம் மூன்று பவுன்தான். தமிழ்ப் பக்கங்களும் வந்துகொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் அங்கிருந்துதான் அச்சாகி வந்தது. ஆக, மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் வரத்தான் செய்தார்கள். உங்கள் சைட்டில் வருவார்களா என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் உழைப்புக்கேற்ற பலன் என்ற விதியை மட்டும் வைத்து ஊர் நடத்த முடியாது என்று நம் அரசாங்கத்துக்கும் தெரியும். அதனால்தான் 2007 முதல் வொர்க்ஃபேர் என்று குறைந்த சம்பளக்காரர்களுக்கு ரொக்கமாகவும் மத்திய சேமநிதியிலும் மேலே போட்டுக் கொடுக்கிறார்கள்.

நண்பரிடம் தாராளமாகக் கேளுங்கள். பேதுரு கேட்டதைவிட மோசமாக நீங்கள் ஒன்றும் கேட்டுவிடவில்லை. பெரும்பாலும் அவர் தாலந்துக் கதையைக் காட்டுவார் (தாலந்து என்பது அன்றைய பெரும் பணத்தொகை; எஜமான் அதை ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்): அதே மத்தேயு, 25ஆம் அதிகாரம், பணத்தைப் புதைத்து வைத்தவனுக்குத் தண்டனை, பெருக்கியவனுக்குப் பாராட்டு. பார்த்தீர்களா, உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பார். உண்டுதான். ஆனால் ஐந்து தாலந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டு சம்பாதித்தவனுக்கும் எஜமான் சொல்லும் பாராட்டை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே. லூக்கா எழுதிய நற்செய்தியில் இதே மாதிரிக் கதை வரும்போது ஒருவனுக்குப் பத்துப் பட்டணம், இன்னொருவனுக்கு ஐந்து என்று தராதரம் இருக்கிறது. மத்தேயு ஏன் அதை வைக்கவில்லை என்று நண்பரைக் கேளுங்கள். அவர் தடுமாறினால் இருவருமாகப் போதகரிடம் போங்கள்.