பன்னிரண்டு மணி வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: வடக்கே பனி கொட்டும் நாடு ஒன்றுக்குக் குடிவந்து இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். நவம்பரில் வீட்டுக்குள் அடைந்தால் மார்ச்சில்தான் வெளியே வருகிறேன். வேலையும் வீட்டிலிருந்தே. மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை, எந்நேரமும் தூக்கம் தூக்கமாக வருகிறது. அக்கம்பக்கத்தாரோ இந்தக் குளிரிலும் பிள்ளைகளோடு வெளியில் சுற்றுகிறார்கள். என் ஆறு வயது மகன் தானும் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவனை எத்தனை டிகிரிவரை வெளியே விடலாம்? நான் இந்தக் காலத்தை எப்படி ஓட்டுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குளிரைப் பற்றிப் போகிறபோக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை வாட்டுவது இருட்டு. குளிருக்குத் துணிமணி இருக்கிறது. வெளிச்சத்தை மட்டும் அது இருக்கும் நேரத்தில் நாம்தான் தேடிப் போகவேண்டும்.

மூன்றரைக்கு இருட்டுகிறதென்றால் உங்கள் ஊர் ஏறக்குறைய பின்லாந்தின் ஹெல்சிங்கி, நார்வேயின் ஆஸ்லோ இருக்கும் அட்சரேகையில் இருக்கவேண்டும். அங்கெல்லாம் டிசம்பர் 21 அன்று பகல்பொழுது ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. வேலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் அன்றைய பகல் கைநழுவிவிடும். அதனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையை மாற்றுங்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியே இறங்கி அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். வானம் மூடிக் கிடக்கிறதே என்று தயங்கவேண்டாம். வீட்டு விளக்கு தருவது பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். மப்பும் மந்தாரமுமான மதியத்திலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். புதுப்பனி வேறு, தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பனியே இல்லாத நவம்பர்தான், என்னைக் கேட்டால், இதைவிட மோசமான மாதம்.

எந்நேரமும் தூக்கம், எதிலும் பிடிப்பின்மை என்று எழுதியிருப்பதை மட்டும் லேசாக விடாதீர்கள். குளிர்காலந்தோறும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழுவினர் 1984-இல் இதற்கென்று தனிப் பெயரிட்டு விவரித்தார்கள். காலை வேளையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரைமணி நேரம் உட்காரும் சிகிச்சையும் இதற்கு இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த அட்சரேகையில் குளிர்கால வெயில் தோலில் அதை உண்டாக்கும் அளவுக்கு வலுவாக இருக்காது.

இனி உடுப்பு. நம்மவர்களில் பலர் செய்வது, உள்ளே பருத்திப் பனியன், மேலே ஒரே ஒரு தடித்த ஜாக்கெட். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ தெர்மல் எனும் குளிர்கால உள்ளாடையோ, அதற்கு மேல் சூடு காக்கும் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். வாசலைத் தாண்டும்போது லேசாகக் குளிரவேண்டும். நடக்க நடக்கச் சரியாகிவிடும். கால் குளிர்கிறது என்று இரண்டு சாக்ஸைத் திணித்து பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். விரலை உள்ளே அசைக்க இடம் வேண்டும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் கையுறையே சூடு. உருகி உறைந்த நடைபாதைக்கு, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பனியைவிட அந்தக் கண்ணாடி ஐஸ்தான் இடுப்பை உடைக்கும்.

வெளியே போய் என்ன செய்வது என்கிறீர்களா? ஒன்றும் செய்யவேண்டாம், முதல் வாரம் சும்மா நடங்கள். போகப்போகப் பனியிலும் நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியும். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் அது ஈரமாக ஒட்டும், பொம்மை செய்யத் தோது. மைனஸ் 15-இல் மாவு போல உதிரும், உருண்டை பிடிக்கவே வராது. காலடியில் நறநறவென்று சத்தம் வேறு. அப்படிப்பட்ட நாளில் காற்றில்லாமல் மெல்லப் பனி விழுந்தால் கறுப்புக் கம்பளிக் கையுறை ஒன்றைச் சற்றுநேரம் வெளியில் வைத்துக் குளிரவிட்டு, அதில் இரண்டு துகளைப் பிடியுங்கள். வீட்டுச் சூட்டோடு நீட்டினால் பட்டதும் உருகிவிடும். குளிர்ந்த கையுறையில் ஆறு கை நட்சத்திரம், ஒவ்வொரு கையிலும் பெரணி இலை போன்ற கிளைகள், வெறும் கண்ணுக்கே தெரியும். மூச்சுக்காற்று படாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகனிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் அவனை உள்ளே கூட்டிவருவதுதான் பெரும்பாடாக இருக்கும்.

அவனைப் பற்றிய கேள்விக்கு: வெப்பமானியை மட்டும் பார்க்காமல், காற்றையும் சேர்த்து 'உணரும் வெப்பம்' என்று வானிலை அறிக்கையில் போடுவார்களே, அதைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். ஆறு வயதுக்காரனுக்கு அந்த எல்லைவரை போகவே வேண்டாம். மைனஸ் 15, காற்றில்லை என்றால் நான் விடுவேன், அரைமணிக்கு ஒருமுறை உள்ளே அழைத்துச் சூடேற்றி. பிடரியில் கைவைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்திருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கு அதிகம். மூக்கு நுனி, கன்னம், காது வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே கொண்டுவந்து உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றுங்கள், தேய்க்கவே கூடாது. சறுக்குவண்டியில் விடும்போது தொங்கும் சால்வை எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும், அதனால் குழாய் போன்ற கழுத்துறை போடுங்கள். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி உங்கள் ஜாக்கெட் பையில் இருக்கட்டும். போட்டுப்போன ஜோடியை அவன் கால்மணி நேரத்தில் நனைத்துவிடுவான்.