கரை ஒதுங்கிய நீலப் பீப்பாய்: ஜப்பான் சுனாமியில் வந்ததா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போன வாரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒதுங்கியது. மேலே ஜப்பான் எழுத்து இருக்கிறது. "ஜப்பான் சுனாமியில் அடித்துக்கொண்டு வந்தது, அணுக்கதிர் ஏறியிருக்கிறது, ஒரு மாதம் மீன் சாப்பிடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அம்மா மீன் விற்கிறார். இரண்டு நாளாகப் பாதிக் கூடை அப்படியே திரும்பி வருகிறது. தம்பியோ பீப்பாயைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்கிறான். எதை நம்புவது?

பதில்: முதலில் தம்பியை நிறுத்துங்கள். அந்தப் பீப்பாயில் தண்ணீர் பிடிக்கவே வேண்டாம். கதிர்வீச்சுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பீப்பாய்களில் அமிலம், பூச்சிமருந்து, எண்ணெய் என்று எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பிளாஸ்டிக்கில் ஊறியது எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போகாது. மூடி இறுக்கமாக இருந்தால் திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். பிள்ளைகள் கைபடாத இடத்தில் விட்டுவிட்டு, தமிழகப் போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 எண்ணில் சொல்லுங்கள்.

சரி, அந்தக் குரல் பதிவுக்கு வருவோம்.

ஜப்பான் சுனாமி வந்தது 2011 மார்ச் 11. சுமார் 50 லட்சம் டன் பொருள்கள் கடலுக்குள் போனதாகவும், அதில் 70 சதவீதம் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிவிட்டதாகவும் ஜப்பான் அரசு கணக்கிட்டது. மிதந்தவற்றை அங்குள்ள நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போன, கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளமுள்ள மிதவைத் துறை ஒன்று 2012 ஜூனில் அமெரிக்காவின் ஒரெகான் கரையில் ஒதுங்கியது. அதில் பொருத்தியிருந்த தகட்டை வைத்துத்தான் அது எந்த ஊருடையது என்று தெரிந்தது. உங்கள் பீப்பாய்க்கு அப்படி என்ன அடையாளம் இருக்கிறது என்று அந்தப் பதிவு சொல்கிறதா?

கடலூருக்கு வர வேண்டுமென்றால் அது எதிர்த்திசையில் பசிபிக்கைச் சுற்றித் திரும்பி, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகளில் எங்கும் சிக்காமல் நுழைந்து, அப்புறம் வங்கக்கடலையும் தாண்ட வேண்டும். அடியோடு நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பக்கத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. வங்கக்கடலில் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. வாடைக்காற்று காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும்; ஆந்திரக் கரையில் விழுந்தது நம் பக்கம் வரும். 2022 மே மாதம் அசானி புயலின்போது ஸ்ரீகாகுளம் கரையில் பொன்னிறத் தேர் ஒன்று ஒதுங்கியதே, அது மியான்மர் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் அப்போது பேசினார்கள்.

எழுத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எழுத்து அந்தப் பொருள் எங்கே செய்யப்பட்டது என்று சொல்லும், எங்கே கடலில் விழுந்தது என்று சொல்லாது. அது ஜப்பான் எழுத்துதானா என்பதையும் பாருங்கள். எழுத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தால் கொரிய எழுத்தாக இருக்கும். போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் தெரிந்துவிடும். பீப்பாயின் மேல் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும், ஓடுள்ள சின்னக் கடல் உயிரி) ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாதம் மிதந்த பொருளில் அது மொய்த்திருக்கும். வழவழவென்று இருந்தால் விழுந்து அதிக நாள் ஆகியிருக்காது.

கதிர்வீச்சுப் பேச்சுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் அம்மாவின் கூடையில் கைவைக்கிறது. சுனாமி அடித்தது மார்ச் 11. புகுஷிமா அணுமின் நிலையத்தில் முதல் உலைக் கட்டடம் வெடித்தது மறுநாள் 12ஆம் தேதி. அலை இழுத்துப்போன பொருள்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டன. அதிலும் அதிகம் அடித்துப்போனது உலைக்கு வடக்கே உள்ள மியாகி, இவாத்தே கரைகளிலிருந்து. அமெரிக்கக் கரையில் ஒதுங்கியவற்றைச் சோதித்தபோது வழக்கத்துக்கு மீறிய கதிர்வீச்சு தென்படவில்லை. அப்படியிருக்க, இத்தனை வருடம் கழித்து மணலில் கிடக்கும் ஒரு பீப்பாய் கடலில் இருக்கும் மீனை எப்படிக் கெடுக்கும்? "ஒரு மாதம்" என்ற கணக்கும் எங்கிருந்து வந்தது? சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகவே சுமார் 30 வருடம் பிடிக்கும். நிஜமாகவே கதிர் இருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகுமா?

உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்பதற்குக் கேரளாவைப் பாருங்கள். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கியது. கப்பல் எது, எங்கே மூழ்கியது, எத்தனை பெட்டிகளில் ஆபத்தான சரக்கு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கப்பலைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். இடம், எல்லை, சொன்னவர் யார் என்பது எல்லாமே தெளிவாக இருந்தது. உங்களுக்கு வந்த பதிவில் அதில் ஒன்றுகூட இல்லை.

அம்மா தாராளமாக விற்கட்டும். வாங்க வருபவர்கள் கேட்டால், மீன் எந்தப் படகில், எப்போது வந்தது என்று சொல்லி, செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பீப்பாயை அதிகாரிகள் எடுத்துப்போகும்போது, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிவு வந்த அதே குழுவில் நீங்களே போடுங்கள்.