வாசலிலிருந்து கால்வாய் வரை

கேள்வி: நான் திருநெல்வேலி டவுனைச் சேர்ந்தவள். கட்டடக்கலை இளநிலைப் படிப்பான பி.ஆர்க்கில் மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகிறேன். இந்தப் பருவத்தில், ஊர்களின் அமைப்பைப் பற்றிய நகரியல் ஒரு பாடமாக வந்தது. அதன் பிறகு தனி வீடு, தனிக் கட்டடம் என்று வரைவதில் மனம் ஒட்டவில்லை. இதை விட்டுவிட்டு, நகரத் திட்டமிடலுக்கான பி.பிளான் படிப்பில் சேர்ந்துவிடலாமா? கொத்தனாராகத் தொடங்கி இன்று வீடு கட்டிக் கொடுக்கும் அப்பாவோ, "ஊரை வரைந்தால் யார் கூலி கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார்.
- வாசகி, திருநெல்வேலி டவுன்

அன்புத் தங்கைக்கு,

இந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள். முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். பி.பிளான் நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். இங்கேயே இருந்தால் பி.ஆர்க் முடிக்க இரண்டு ஆண்டு, அதன்மேல் முதுநிலைக்கு இரண்டு ஆண்டு. இரண்டு வழியிலும் நான்கு ஆண்டுதான் ஆகிறது. ஆனால் இரண்டாவது வழியில், 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவு செய்துகொண்டு கட்டடக்கலைஞராகத் தொழில் நடத்தும் தகுதியும் உங்களிடம் இருக்கும். அப்பாவின் கேள்விக்கு முதல் பதில் அதுவே.

முதுநிலையில் நகர வடிவமைப்பு, நகரத் திட்டமிடல் என இரண்டு பாதைகள் உண்டு. தெரு, சதுக்கம், கட்டட முகப்புகளின் வரிசை ஆகியவை வடிவமைப்பின் களம். இதற்குப் பெரும்பாலும் கட்டடக்கலை படித்தவர்களையே சேர்ப்பார்கள். நிலப் பயன்பாடு, போக்குவரத்து, வீட்டுவசதி, சட்டம் ஆகியவை திட்டமிடலின் களம். அங்கே புவியியல், பொருளியல், சிவில் படித்தவர்களும் உங்களோடு அமர்வார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும், டெல்லி, விஜயவாடா, போபால் நகரங்களில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் முதுநிலை படிக்கலாம். முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் சேர்த்து ஒரே தாள் இருப்பதால், இப்போதிருந்தே படித்து வரலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி: கட்டடத்தில் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். மாணவர்களின் வரைபடங்களை மதிப்பிட உட்காரும்போதெல்லாம், வானத்திலிருந்து பார்த்து வண்ணம் தீட்டிய ஊர்களைப் பார்க்கிறேன். அவற்றில் ஒரு வாசற்படிகூட இருப்பதில்லை. அப்படிப்பட்ட நகரியல் எனக்கு அச்சத்தையே தருகிறது.

உங்கள் தெருவில் உள்ள ஒரு பழைய வீட்டின் வாசலில் போய் நில்லுங்கள். தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணையை அடைந்த வீடாக அது இருந்திருக்கும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒவ்வொரு முறையும் புதுச்சாலை போட்டதில், ஒவ்வொரு படியாக மண்ணுக்குள் போய், இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டிய நிலை வந்திருக்கும்; வாசலில் சிமெண்டால் ஒரு தடுப்பும் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர் பேஸ்மட்டத்தை இன்னும் உயர்த்துவார், அவர் வீட்டுத் தண்ணீரும் இந்த வாசலுக்கே வந்து சேரும். கட்டடமும் நகரமும் சந்திக்கும் இடம் அந்த ஒரு முழ உயரம்தான். அதை அளக்கத் தெரியாதவர் வடிகால் திட்டம் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1748-இல் ரோம் நகரின் வரைபடத்தை வெளியிட்ட ஜாம்பத்திஸ்தா நொல்லி, வீடுகளைக் கருமையாக்கி, தெருக்களை வெள்ளையாக விட்டார். மக்கள் உள்ளே நுழைந்து நடக்கலாம் என்பதால் தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டார். அதே முறையில் ரத வீதிகள் நான்கையும் நெல்லையப்பர் கோயிலையும் வரைந்து பாருங்கள். சுவாமி சந்நிதியையும் அம்மன் சந்நிதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் உங்கள் தாளில் ஒரு தெருவாகவே தெரியும். உச்சிப்பொழுதில் நடை சாத்தியதும் அந்த வெள்ளை முழுவதும் கருமையாகிவிடும். ஆகவே நம் ஊருக்கு ஒரு வரைபடம் போதாது, காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, ஆனித் தேரோட்டத்துக்கு ஒன்று வேண்டும். இப்படிச் செய்யும் பயிற்சி கட்டடக்கலை ஸ்டுடியோவில்தான் கைவரும்.

அப்பாவைப் பற்றி: வாதம் செய்யாதீர்கள், உதவி கேளுங்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லை கால்வாய் டவுனுக்குள் வந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் தருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையின் தெருக்கள் எப்படி இருந்தன என்பது உங்கள் இருவருக்கும் நினைவிருக்கும். நம் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம்; பெயரிலேயே குளம் இருக்கிறது. உங்கள் வாசலுக்கும் கால்வாய்க் கரைக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு, நடுவில் எந்த இடத்தில் தெரு மேடாகித் தண்ணீரை மறிக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். அஸ்திவாரம் போடுமுன் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து அவர் மட்டம் பார்ப்பாரே, அதே டியூப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வண்டிகள் வருமுன், ஒரு முனையை அவரும் மறுமுனையை நீங்களும் பிடித்து, வாசல் வாசலாக நகர்ந்து, ஒவ்வொரு வாசலின் உயரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டே கால்வாய் வரை போய்விடுங்கள். ஐந்தாமாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு அந்த நோட்டையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் தப்பாகக் காட்டும். அதை எப்படி வெளியேற்றுவது என்று அப்பாவே சொல்லித் தருவார்.