ஃபியூஸைப் பிடுங்கினால் வீடு காலியாகுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்கள் மாடி வீட்டை மாதம் 10,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அட்வான்ஸ் 1 லட்சம். 2022-இல் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் எழுதினோம், அப்புறம் புதுப்பிக்கவில்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க சார்" என்கிறார். கரண்ட்டைப் பிடுங்கினால் தானாகப் போய்விடுவார் என்கிறார் மைத்துனர். 12 வருடம் இருந்துவிட்டால் வீடே அவருடையதாகிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மைத்துனரை மீட்டர் பெட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது) குடியிருப்பவரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. ஃபியூஸ் கேரியர் உங்கள் கைக்கு வந்த மறுநாள், வாடகை தராதவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது இன்னும் மோசம். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்றே பார்க்காமல் அவரை மறுபடி உள்ளே விடச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

12 வருடப் பயத்தை விடுங்கள். உங்கள் அனுமதியோடு, வாடகைக்கு என்று குடிவந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

உண்மையில் உங்களுக்குச் சிக்கல் அந்த 1 லட்சத்தில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் நமக்குப் பாதுகாப்பு என்று சென்னையில் எல்லா வீட்டுக்காரர்களும் நினைக்கிறோம். (புதுச் சட்டம் சொல்லும் பொது அளவு மூன்று மாத வாடகைதான். யார் கேட்கிறார்கள்?) ஆனால் வீட்டுக்காரர் கையில் வாடகைதாரரின் பணம் பாக்கியைவிட அதிகமாக இருக்கும்போது, அவரை வாடகை தவறியவர் என்று சொல்ல முடியாது என பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லியிருக்கிறது. அங்கே முன்பணத்தை வாடகையில் கழிப்பதாகவே பேச்சு, உங்கள் விஷயம் அப்படியே அதுவல்ல. இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். பாக்கி 50,000, கையில் 1 லட்சம். இந்தக் கணக்கோடு "வாடகை தரவில்லை" என்ற ஒரே காரணத்தை நம்பிப் போகாதீர்கள்.

அக்ரிமென்ட்டைப் பாருங்கள். 11 மாதத்துக்கு எழுதினால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டாம் என்பது சரி. ஆனால் 2019-க்குப் பிறகு எழுதிய வாடகை ஒப்பந்தத்தை, அது 11 மாதமே ஆனாலும், புதுச் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகார அமைப்பிடம் (Rent Authority) பதிந்து எண் வாங்க வேண்டும். உங்களுடையது பதியவும் இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது. ஆகவே இப்போதைய வாடகையைப் போட்டுப் புது ஒப்பந்தத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுப் பதிவுக்கு வரச் சொல்லி வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதே நோட்டீஸில் பாக்கியையும் மாதவாரியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எழுத்துபூர்வ ஒப்பந்தம் போடத் தவறியதே வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. பாக்கியும் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு மாத பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட்டால் அது கரைந்துபோகும். உங்கள் பழைய பத்திரத்தை வைத்து வாடகை நீதிமன்றமா, சிவில் நீதிமன்றமா என்பதை அதை நேரில் பார்க்கும் வக்கீல் முடிவு செய்யட்டும்.

உங்களுக்கு வாடகை வேண்டுமா, வீடு வேண்டுமா? வீடுதான் என்றால் நான் முதலில் வேறு வழியைத்தான் பார்ப்பேன். மீதி 50,000-ஐத் தயாராக வைத்துக்கொண்டு, "இந்தத் தேதியில் சாவியைக் கொடுங்கள், அன்றே பணம்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மனம் ஒப்பாதுதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்த மீதியில் 10,000 குறைந்துகொண்டே வருகிறது. அது தீர்ந்தபின் பணத்தைக் காட்டி அவரைக் கிளப்ப உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, கரண்ட் பில் கட்டியிருக்கிறாரா என்று இன்றே இணையத்தில் பாருங்கள். இணைப்பு உங்கள் பெயரில்தானே? வாரியம் துண்டித்தாலும், "வீட்டுக்காரர்தான் பிடுங்கினார்" என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. நிலுவை இருந்தால் நீங்களே கட்டி, ரசீதை நோட்டீஸோடு சேர்த்துவிடுங்கள்.